சமயதிவாகரம் தந்த வாமன முனிவர்

காஞ்சி மாநகரம் மூன்று பெயர்களால் வழங்கப்பெறுவது. ஏகாம்பரநாதர் கோயிலைச் சூழ்ந்த பகுதி சிவகாஞ்சி. வரதராசப் பெருமாள் கோயிலைச் சூழ்ந்த பகுதி விஷ்ணுகாஞ்சி. வேகவதி ஆற்றங்கரையில் உள்ள திருப்பருத்திக்குன்றம் ஜினகாஞ்சி. தறியோசை கேட்கும் தெருக்களைக் கடந்து ஆற்றைத் தாண்டிச் சென்றால், ஆரவாரமற்ற சிற்றூர் ஒன்றில் திரைலோக்கியநாதர் ஜினாலயம் நம்மை வரவேற்கும். பட்டுக்குப் பெயர்பெற்ற நகரின் ஓரத்தில், பருத்தியின் பெயரைத் தாங்கிய ஊராக நம் தொன்மையான திருத்தலம் அமைந்திருப்பது எண்ணி மகிழத்தக்கது. பட்டுப்புழுவின் உயிரை எண்ணிப் பட்டாடையைத் தவிர்க்கும் குடும்பங்கள் நம்மிடையே இன்றும் உள்ளன அல்லவா?

இத்திருத்தலத்தில் 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்து, தமிழுக்கும் ஜினதருமத்திற்கும் ஒப்பற்ற தொண்டாற்றிய பெரியார் வாமன முனிவர். மல்லிசேன வாமனர் என்றும் அவரை அழைப்பர். மேருமந்தர புராணம் என்னும் காப்பியத்தை இயற்றிய கவிஞர் அவர். நீலகேசி என்னும் தருக்கக் காப்பியத்திற்குச் சமயதிவாகரம் என்னும் விரிவுரை வரைந்த உரையாசிரியரும் அவரே. நம் குடும்பங்களில் அவர் பெயரை அறியாதார் குறைவு. ஆயின் அவர் செய்த பணியின் பெருமையை முழுதும் உணர்ந்தோர் எத்துணைப் பேர் என்பது கேள்விக்குரியது. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊரின் பெருமை

ஒருவரின் அறிவு வளர்ந்த நிலத்தை அறிந்தால் அவரையும் அறியலாம். திருப்பருத்திக்குன்றம் வாமன முனிவருக்கு எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்னரே அறவோர் உறைவிடமாக விளங்கியது. பல்லவ மன்னன் சிம்மவிஷ்ணுவின் தந்தையான சிம்மவர்மன் காலத்தில், பருத்திக்குன்றில் வாழ்ந்த வச்சிரநந்தி ஆசிரியருக்கு ஊர் ஒன்று தானமாக அளிக்கப்பட்ட செய்தியைப் பள்ளன்கோயில் செப்பேடு தெரிவிக்கிறது. இங்குள்ள சந்திரப்பிரப தீர்த்தங்கரர் ஆலயம் பல்லவர் காலக் கட்டடக் கலையின் சான்றாக இன்றும் நிற்கிறது. திரைலோக்கியநாதர் ஆலயத்தில் சோழ மன்னர் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன.

காஞ்சி நகரமோ சமயவாதங்களின் அரங்கமாக இருந்தது. 7ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங், பௌத்தப் பள்ளிகளையும் திகம்பரத் துறவியர் பலரையும் தாம் கண்டதாக எழுதினார். நாலந்தாவில் பெரும்புகழ் எய்திய தர்மபாலர் என்னும் பௌத்த ஆசிரியர் காஞ்சியிற் பிறந்தவர். மணிமேகலையின் கதையும் காஞ்சியிலேயே நிறைவு பெறுகிறது. நம் ஆசார்யர்களான சமந்தபத்திரரையும் அகளங்கரையும் காஞ்சியோடு இணைத்துப் போற்றுவது நம் மரபு. ஒருவர் கொள்கையை மற்றவர் கேட்டு, ஆய்ந்து, மறுத்து, ஏற்று வாழ்ந்த நகரம் இது. இந்த மரபின் கடைசிப் பெருஞ்சுடர்களுள் ஒருவராக வாமன முனிவரைக் கொள்ளலாம்.

அவர் வாழ்ந்த காலம்

துறவு பூண்டோர் குலத்தையும் குடும்பத்தையும் விட்டு நீங்கியவர்கள். அவர்தம் வரலாற்றைப் பெற்றோர் பெயராலும் பிறந்த நாளாலும் அளப்பது நம் மரபன்று. ஆசிரியர் யார், மாணாக்கர் யார், செய்த நூல் யாது என்பவையே முனிவரின் வாழ்க்கைக் குறிப்புகள். அவ்வகையில் வாமன முனிவரின் மாணாக்கராக விளங்கியவர் புட்பசேன முனிவர். அவர் வாயிலாகவே வாமனரின் காலமும் நமக்குத் தெளிவாகிறது.

14ஆம் நூற்றாண்டு தமிழகத்திற்கு அலைக்கழிவான காலம். 1311இல் மாலிக் காபூரின் படை தென்னாட்டில் புகுந்தது. பாண்டியப் பேரரசு சிதைந்தது. தொண்டை நாட்டில் சம்புவராயர் ஆண்டனர். பின்னர் விசயநகர இளவரசர் கம்பணர் படையெடுத்து வந்து அந்நாட்டைத் தம் ஆட்சியின்கீழ்க் கொண்டுவந்தார். ஒரு மனிதரின் ஆயுட்காலத்திற்குள் இத்தனை ஆட்சி மாற்றங்கள் நிகழ்ந்தன. இத்தகைய காலத்தில் மடங்களின் நிலங்கள் கைமாறும். ஏடுகள் எரியும் அல்லது செல்லரிக்கும். எழுதப் பயில்வோரும் அருகுவர்.

சமயத் துறையிலும் கலக்கம் இருந்தது. 1368இல் கன்னட நாட்டு ஜைனர்கள் தமக்கு இழைக்கப்பட்ட அநீதிகளைக் குறித்து விசயநகர மன்னர் முதலாம் புக்கரிடம் முறையிட்டனர். மன்னர், திருவரங்கம், திருமலை, காஞ்சி, மேல்கோட்டை ஆகிய தலங்களின் ஆசாரியர்கள் உள்ளிட்ட வைணவப் பெருமக்களை அழைத்து, இரு தரிசனங்களுக்கும் இடையே வேறுபாடு இல்லை என அறிவித்து, ஜைனர் கையை வைணவர் கையில் பிடித்துக் கொடுத்தார். ஒருவருக்கு நேரும் கேட்டை மற்றவர் தம் கேடாகக் கருதிக் காக்க வேண்டும் என்பது அவர் ஆணை. சிரவணபெளகொளக் கல்வெட்டு இதனை விளக்கமாகக் கூறுகிறது. காஞ்சியின் வைணவப் பெரியோரும் உடன்பட்ட இவ்வமைதி, ஜினகாஞ்சி முனிவர்களுக்கும் ஆறுதல் அளித்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

மாணாக்கர் வழி வந்த மண்டபம்

இவ்வமைதிக் காலத்தில் ஜினகாஞ்சி மீண்டும் தழைத்தது. விசயநகர மன்னர் இரண்டாம் அரிகரரின் அமைச்சரும் படைத்தலைவருமாக இருந்தவர் இருகப்பர். வைசய தண்டநாதரின் மைந்தராகிய இவர் ஜினதருமத்தில் ஊன்றியவர். வடமொழி நிகண்டாகிய நாநார்த்த ரத்னமாலை இவர் பெயரால் வழங்குகிறது. விசயநகரத் தலைநகரில் குந்துநாதருக்கு ஆலயம் எடுத்தவரும் இவரே. 1382இல் இவர் திருப்பருத்திக்குன்றத்து ஆலயத்திற்கு மகேந்திரமங்கலம் என்னும் ஊரைத் தானமாக அளித்தார். பின்னர் 1387-88இல், புட்பசேன முனிவரின் அறிவுரைப்படி ஆலயத்தின் முன்னே சங்கீத மண்டபத்தைக் கட்டுவித்தார். இவ்விரு செய்திகளையும் அங்குள்ள கல்வெட்டுகள் இன்றும் உரைக்கின்றன.

அம்மண்டபத்தின் மேற்கூரையில் பிற்காலத்தார் தீட்டிய ஓவியங்களைக் கண்டோர் மறவார். ஆதிநாதர், நேமிநாதர், வர்த்தமானர் ஆகியோர் வரலாறுகள் வண்ணத்தில் விரிகின்றன. நேமிநாதரின் உறவினராகிய கண்ணபிரானின் வரலாறும் அவற்றுள் உண்டு. ஆலய வளாகத்தில் குரா மரம் ஒன்று புனிதமாகப் போற்றப்படுகிறது. தன் அளவில் குறையாமலும் கூடாமலும் நிற்கும் மரம் என்று கல்வெட்டுச் செய்யுள் ஒன்று அதனைப் புகழ்கிறது. அம்மரத்தின் அருகே முனிவர்களுக்குரிய பீடங்களில் மல்லிசேனர், புட்பசேனர் ஆகியோரின் நினைவு போற்றப்படுகிறது. ஆசிரியரும் மாணாக்கரும் வாழ்ந்த காலத்தில் ஒருங்கே அறம் வளர்த்தனர். இன்றும் ஒரு மரத்தின் நிழலில் ஒருங்கே வணங்கப்படுகின்றனர்.

இங்கு ஒரு செய்தியைத் தெளிவாக்குதல் வேண்டும். மல்லிசேனர் என்னும் பெயர் தாங்கிய ஆசார்யர்கள் பலர். 11ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் வாழ்ந்து வடமொழியில் மகாபுராணம் செய்தவர் ஒருவர். சிரவணபெளகொளத்தில் 1129ஆம் ஆண்டுக் கல்வெட்டால் போற்றப்படும் மல்லிசேன மலதாரிதேவர் மற்றொருவர். ஹேமசந்திரரின் நூலுக்கு ஸ்யாத்வாத மஞ்சரி என்னும் உரையை 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய மல்லிசேனர் சுவேதாம்பர ஆசார்யர். இவர்கள் அனைவரும் நம் ஜினகாஞ்சி மல்லிசேன வாமனரின் வேறானவர். பெயரொற்றுமை கண்டு மயங்குதல் கூடாது.

மேருமந்தர புராணம்

வாமனர் இயற்றிய மேருமந்தர புராணம் ஏறத்தாழ 1,400 செய்யுட்கள் கொண்ட காப்பியம். பதின்மூன்றாம் தீர்த்தங்கரராகிய விமலநாதரின் கணதரர்களான மேரு, மந்தரர் ஆகிய இருவரின் பல பிறவி வரலாறு இது. இக்கதையின் வேர் ஒரு சிறு பொய்யில் இருக்கிறது.

சிம்மபுரத்தை ஆண்ட சிம்மசேன மன்னனுக்குச் சத்தியகோஷன் என்னும் பெயர் பெற்ற அமைச்சன் ஒருவன் இருந்தான். உண்மையே பேசுபவன் என ஊரார் நம்பினர். பத்திரமித்திரன் என்னும் வணிகன் கடல் கடந்து ஈட்டிய மணிகளை அவனிடம் அடைக்கலமாக வைத்தான். மீண்டும் வந்து கேட்டபோது, அமைச்சன் அவனை அறியேன் என மறுத்தான். செல்வம் இழந்த வணிகன் நாள்தோறும் மரத்தின் மேலேறித் தன் வழக்கை உரக்கக் கூறிப் புலம்பினான். ஊரார் அவனைப் பித்தன் என்றனர். அரசி இராமதத்தை ஒருத்தியே, பித்தனாயின் நாள்தோறும் மாறாமல் ஒரே செய்தியைக் கூறுவானோ என ஐயுற்றாள். அவள் அமைச்சனுடன் சூதாடி அவன் மோதிரத்தையும் பூணூலையும் வென்று, அவற்றை அடையாளமாகக் காட்டி அவன் இல்லத்திலிருந்து மணிகளை வருவித்தாள். மன்னன் அம்மணிகளைப் பிற மணிகளோடு கலந்து வைக்க, வணிகன் தன்னுடையவற்றை மட்டுமே தேர்ந்தெடுத்தான். உண்மை வெளிப்பட்டது, அமைச்சன் தண்டிக்கப்பட்டான்.

நீதிக்கதையாயின் இங்கு முடிந்திருக்கும். காப்பியம் இங்குதான் தொடங்குகிறது. தண்டனை பெற்ற அமைச்சன் மன்னன்மேல் கொண்ட சினத்தோடு இறந்து, அரண்மனைக் கருவூலத்தில் பாம்பாகப் பிறந்து மன்னனைக் கடித்துக் கொன்றான். மன்னன் யானையாகப் பிறந்து, முனிவர் உபதேசத்தால் விரதம் ஏற்று அமைதியுற்றான். அங்கும் பாம்பாய்ப் பிறந்த பகைவன் தொடர்ந்து வந்து அவனைக் கடித்தான். யானை சினவாமல் உயிர்விட்டு வானுலகம் எய்தியது. இவ்வாறு ஓர் உயிர் ஏறிக்கொண்டே செல்ல, மற்றோர் உயிர் பகையைச் சுமந்து நரகத்திற்கும் விலங்குப் பிறவிக்கும் இறங்கிக்கொண்டே செல்கிறது.

இறுதியில் மன்னனின் உயிர் சஞ்சயந்த முனிவராகப் பிறக்க, பழம்பகைவன் வித்தியாதரனாக வந்து அம்முனிவரைத் துன்புறுத்துகிறான். முனிவர் பொறுத்து முத்தி அடைகிறார். அவர் தம்பியாக இருந்து தரணேந்திரனாகப் பிறந்தவன் வெகுண்டு அவ்வித்தியாதரனைக் கொல்ல முனைகிறான். அப்போது ஆதித்தியாபன் என்னும் தேவன் குறுக்கிட்டு, இப்பகையின் பல பிறவி வரலாற்றை எடுத்துரைத்து அவன் சினத்தைத் தணிக்கிறான். அத்தேவன் வேறு யாருமல்லன். முற்பிறவியில் வணிகனின் புலம்பலைக் கேட்ட அரசி இராமதத்தையின் உயிரே. சினம் தணிந்தவன், அவளுடைய மகனாக முன்பு பிறந்த உயிர். இவ்விருவரும் பின்னர் மேருவாகவும் மந்தரராகவும் பிறந்து விமலநாதரின் கணதரர் ஆயினர்.

பகை பகையால் அறுவதில்லை. அறிவோடு கூடிய பொறுமையால் அறும் என்னும் அரிய உண்மையை இதனினும் தெளிவாகக் காட்டுவது அரிது. நம் இல்லங்களில் சொத்துப் பிரிவினையாலும் சொல் தடிப்பாலும் தலைமுறை தலைமுறையாகப் பேச்சறுந்து கிடக்கும் உறவுகளை நினைத்துப் பார்ப்போமாக. வாமன முனிவர் எழுதியது நமக்காகவே என்பது விளங்கும்.

சமயதிவாகரம்

வாமனரின் மற்றொரு பெரும்பணி சமயதிவாகர உரை. திவாகரன் என்றால் கதிரவன். சமயக் கொள்கைகளின்மேல் ஒளி பாய்ச்சுவது எனப் பொருள்படும் இப்பெயர் முற்றும் பொருந்தியதே.

ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றாகிய நீலகேசி 10 சருக்கங்களும் 894 செய்யுட்களும் கொண்டது. பாஞ்சால நாட்டில் காளிக்குப் பலியிட உயிர்களைக் கொணர்ந்த மக்களை முனிசந்திர முனிவர் தடுத்து, மண்ணாற் செய்த உருவங்களைப் படைக்குமாறு அறிவுறுத்துகிறார். பலி இழந்த காளி, தென்னாட்டுப் பழையனூர் நீலியை ஏவுகிறாள். அச்சுறுத்த வந்த நீலி, முனிவரின் அசையாத உறுதியைக் கண்டு வியந்து, அறம் கேட்டுக் கொல்லாமை விரதம் ஏற்கிறாள். பின்னர் நாடெங்கும் சென்று பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதியர், பூதவாதியர் ஆகியோருடன் வாதம் புரிகிறாள். கொலைத் தொழில் புரிந்த பேய்மகளும் அறிவால் உயரலாம் என்பதும், பெண்ணொருத்தி அவைநடுவே நின்று தருக்கம் புரியலாம் என்பதும் இக்காப்பியம் காட்டும் நெறிகள்.

இத்தகைய நூலுக்கு உரை காண்பது எளிதன்று. தமிழ் மட்டும் அறிந்தவர்க்கு அது இயலாது. தம் சமயம் மட்டும் அறிந்தவர்க்கும் இயலாது. எதிர்ப்பக்கத்தின் கொள்கை இன்னது, அதற்கு அவர் கூறும் காரணம் இது, அக்காரணத்தின் குறை இது என்று மூன்றையும் உரையாசிரியர் அறிந்திருத்தல் வேண்டும். வாமனர் தமிழும் வடமொழியும் விரவிய மணிப்பிரவாள நடையில் இவ்வுரையை வரைந்தார். குந்தகுந்த ஆசார்யரின் நூல்களுக்கும் அவர் உரை வரைந்தார் என மரபு கூறும். பொன்னூர் மலையில் தவம் செய்த அப்பெருமகனாரின் நெறியில் வாமனர் எத்துணை ஊறியவர் என்பதற்குச் சமயதிவாகரமே சான்று. திருக்குறளிலிருந்து எடுத்துக்காட்டும்போது அதனை நம் மறைநூலாகவே அவர் உரிமையோடு சுட்டுவதைத் தமிழறிஞர்கள் பலரும் எடுத்துப் பேசியுள்ளனர்.

எதிரியின் சொல்லைக் காத்தவர்

இங்கே நாம் ஆழ்ந்து எண்ண வேண்டிய செய்தி ஒன்றுண்டு. வாமனர் உரை எழுதிய காலத்தில் தமிழகத்தில் பௌத்தம் பெரும்பாலும் அருகிவிட்டது. ஆசீவகரும் மறைந்துகொண்டிருந்தனர். வாதுக்கு அழைக்க எதிரில் ஆளில்லை. இல்லாத எதிரியைப் பற்றி எதை எழுதினாலும் மறுத்துப் பேச வருவோர் இல்லை. அவர்தம் கொள்கையைச் சுருக்கியோ திரித்தோ எழுதி எளிதில் வென்றுவிடலாம்.

வாமனர் அவ்வாறு செய்யவில்லை. நீலகேசி எந்த நூலுக்கு மறுப்பாக எழுந்ததோ, அந்தக் குண்டலகேசியை அவர் எடுத்துக் கற்றார். நாதகுத்தனார் இயற்றிய அப்பௌத்தக் காப்பியம் ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்று. அது இன்று நமக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. 19 செய்யுட்களே முழுவடிவில் எஞ்சியுள்ளன. ஆயின் அந்நூலின் செய்யுட்கள் பலவற்றின் முதற்குறிப்புகளை வாமனரின் உரை தன்னகத்தே தாங்கி நிற்கிறது. மறைந்துபோன பௌத்த நூலொன்றின் தடங்களைத் தேடுவோர் ஜைன முனிவர் ஒருவரின் உரையையே நாட வேண்டியுள்ளது!

ஆசீவகக் கொள்கைக்கும் இதுவே நிலை. அச்சமயத்தார் எழுதிய நூல் ஒன்றும் இன்று இல்லை. 1951இல் ஆசீவகர் வரலாற்றை ஆங்கிலத்தில் விரிவாக எழுதிய ஏ. எல். பாஷம், மணிமேகலை, நீலகேசி, சிவஞான சித்தியார் ஆகிய மூன்று தமிழ் நூல்களைத் தம் ஆய்வுக்கு முதன்மைச் சான்றுகளாகக் கொண்டார். நீலகேசியின் செறிந்த செய்யுட்களுக்குப் பொருள் காண வாமனரின் உரையே கைவிளக்காயிற்று.

இதனை ஒத்த நிகழ்ச்சி மேலைநாட்டிலும் உண்டு. 6ஆம் நூற்றாண்டில் சிம்ப்ளிசியஸ் என்னும் கிரேக்க உரையாசிரியர் இருந்தார். அலெக்சாந்திரியாவிலும் ஏதென்சிலும் பயின்றவர். 529இல் உரோமப் பேரரசர் ஜஸ்டினியன் ஏதென்சில் தத்துவம் கற்பித்தலைத் தடைசெய்தார். சிம்ப்ளிசியஸ் உள்ளிட்ட எழுவர் பாரசீக மன்னர் குஸ்ராவின் அவையை நாடிச் சென்றனர். 532இல் இரு பேரரசுகளும் செய்துகொண்ட உடன்படிக்கையால் அவர்கள் அச்சமின்றித் தம் நாடு திரும்ப முடிந்தது. அதன்பின் அவர் அரிஸ்டாட்டிலின் நூல்களுக்குப் பெரும் உரைகளை எழுதினார். அவருக்கு ஆயிரம் ஆண்டுகள் முற்பட்ட பார்மெனிடீஸ் என்னும் ஞானியின் நூற்படிகள் அக்காலத்தில் அரிதாகிவிட்டன. அதனை உணர்ந்த சிம்ப்ளிசியஸ், தம் உரையினிடையே அச்செய்யுட்களை நீளமாகவே எடுத்தெழுதி வைத்தார். இன்று பார்மெனிடீசின் சொற்களில் பெரும்பகுதியை உலகம் அறிவது அவ்வுரையால்தான். ஆட்சி மாறிய காலத்தில், ஆதரவு குறைந்த நிலையில், அமைதியாக அமர்ந்து பழையதைக் காத்த இரு உரையாசிரியர்களும் கடல்களுக்கு அப்பாலும் ஒரே குலத்தவர் எனலாம்.

அவர்கள் இருவரிடையே வேறுபாடும் உண்டு. சிம்ப்ளிசியஸ் காத்தது தம் முன்னோர் எனத் தாம் மதித்தவரின் சொல்லை. வாமனர் காத்ததோ தாம் மறுத்தவரின் சொல்லையும். இவ்வுளப்பாங்கு எங்கிருந்து வந்தது? அநேகாந்தம் நமக்குக் கற்பிப்பது இதுவே. ஒரு பொருளுக்குப் பல தன்மைகள் உண்டு; ஒருவர் கூற்றைத் தள்ளுமுன் அவர் எந்த நோக்கில் கூறினார் என அறிதல் வேண்டும். கொல்லாமை உடலுக்கு மட்டும் உரியதன்று. எதிராளியின் கருத்தைச் சிதைக்காமல் எடுத்துரைப்பதும் சொல்லளவில் கொல்லாமையே.

உரையாசிரியரின் பணியைக் காஞ்சி மக்களுக்குத் தறியைக் கொண்டு விளக்கலாம். சேலையின் உடலும் கரையும் தனித்தனி நூல்களால் நெய்யப்படினும், கோர்வை என்னும் முறையால் பிரிக்கவொண்ணாதவாறு ஒன்றோடொன்று பிணைக்கப்படுகின்றன. உடல் கிழிந்தாலும் பிணைப்பு விடாது என்பர். மூலமும் உரையும் அவ்வாறே. வாமனர் பிணைத்த பிணைப்பு ஆறு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் விடவில்லை.

ஏட்டிலிருந்து அச்சுக்கு

வாமனர் காத்ததை அடுத்துக் காத்தோர் யார்? பெயர் அறியப்படாத நம் முன்னோரே. பனையோலை சில நூற்றாண்டுகளே தாங்கும். அதன்பின் படியெடுக்கப்படாத நூல் அழியும். ஆகவே ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் எழுத்தாணி பிடித்து நீலகேசியையும் சமயதிவாகரத்தையும் மறுபடி எழுதியிருக்கிறார். ஜினகாஞ்சி மடம் பின்னாளில் செஞ்சிக்கு அண்மையில் உள்ள மேல்சித்தாமூருக்குப் பெயர்ந்த பின்னரும் இப்பணி தொடர்ந்தது. சாத்திர தானத்தை நால்வகைத் தானங்களுள் ஒன்றாக நம் முன்னோர் வைத்ததன் பயன் இது.

பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் (1880-1960) இவ்வேடுகளை அச்சேற்றினார். சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவம் கற்பித்து, கும்பகோணம் அரசினர் கல்லூரியின் முதல்வராகவும் விளங்கிய அவர், 1923இல் மேருமந்தர புராணத்தையும், 1936இல் சமயதிவாகர உரையுடன் நீலகேசியையும் வெளியிட்டார். நீலகேசிக்கு அவர் ஆங்கிலத்தில் எழுதிய நெடிய முன்னுரை இந்தியத் தத்துவ அறிஞர்களின் கவனத்தைத் தமிழின்பால் திருப்பியது. 1934இல் தி. நா. இராமச்சந்திரன் திருப்பருத்திக்குன்றத்து ஆலயங்களைப் பற்றிச் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வாயிலாக வெளியிட்ட ஆய்வுநூல், அவ்வூரின் கல்வெட்டுகளையும் ஓவியங்களையும் உலகறியச் செய்தது.

இதற்கு முன்னரே உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தபோது, கும்பகோணத்து ஜைன அன்பர்கள் தம் இல்லங்களுக்கு அவரை வரவேற்று ஐயங்களைத் தீர்த்து உதவியதை நாம் அறிவோம். வேற்றுச் சமயத்தவர் கேட்டு வந்தபோது நம்மவர் மனங்கோணாமல் கற்பித்தனர். அவரும் நம் காப்பியத்தைத் தம் சொந்தச் செல்வமெனப் போற்றிப் பதிப்பித்தார். வாமனர் காட்டிய வழி இருபக்கமும் விளங்கியது எனலாம்.

நம் கடமை

ஆயினும் இழப்புகளும் நேர்ந்தன. நம் காப்பியமாகிய வளையாபதி முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. ஏறத்தாழ 70 செய்யுட்களே பிற நூல்களின் வாயிலாக எஞ்சின. அதற்கு ஒரு வாமனர் உரை காண வாய்க்கவில்லை. படியெடுத்துக் காக்கும் கைகளும் ஏதோ ஒரு தலைமுறையில் ஓய்ந்தன. ஒரு தலைமுறை அயர்ந்தால் போதும், ஆயிரம் ஆண்டுச் செல்வமும் மறையும் என்பதற்கு இதுவே சான்று.

நம் ஊர்களில் பழைய இல்லங்களை இடித்துப் புதிதாகக் கட்டும்போது, பரணிலிருந்து ஏட்டுக்கட்டுகள் இறங்குகின்றன. அவை எவ்வெழுத்தில் உள்ளன என்பதே இளையோருக்குத் தெரிவதில்லை. பூசை அறையில் மஞ்சள் குங்குமம் இட்டு வைப்போர் உண்டு. பயனற்றவை எனக் கருதி ஆற்றில் விடுவோரும் உண்டு. வணங்குதல் நன்றே, எனினும் படிக்கப்படாத ஏடு மெல்ல மெல்ல மடிகிறது. தூசு துடைத்து, ஈரம் படாமல் வைத்து, அறிந்தவரிடம் காட்டி, ஒளிப்படமாகவேனும் படியெடுத்து வைத்தல் இன்றைய சாத்திர தானம். மேல்சித்தாமூர் மடத்தையோ, சென்னையில் உள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தையோ, உ. வே. சா. நூலகத்தையோ நாடி அறிவுரை பெறலாம்.

ஆண்டுதோறும் சுருதபஞ்சமி நாளில் நாம் ஆகமங்களை வணங்குகிறோம். புட்பதந்தரும் பூதபலியும் ஷட்கண்டாகமத்தை எழுத்தில் நிலைநிறுத்திய பணியை நினைவுகூரும் நாள் அது. அந்நாளில் நீலகேசியின் ஒரு சருக்கத்தையேனும் வாமனர் உரையோடு குடும்பத்தார் கூடிப் படித்தால் எத்துணை நலம்! மேருமந்தர புராணத்தில் இராமதத்தை மணிகளை மீட்ட கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னால், அவர்கள் மறவாமல் நினைவிற்கொள்வர்.

அடுத்த முறை காஞ்சிக்குச் செல்லும் அன்பர்கள், திரைலோக்கியநாதரை வணங்கியபின், ஆலயத்துக் குரா மரத்தடியில் சற்று நிற்க வேண்டுகிறோம். எதிரியின் சொல்லையும் சிதைக்காமல் காத்த முனிவர் ஒருவரின் நினைவு அங்கு நிலவுகிறது. நம் வீட்டில் யாரோடேனும் பேச்சறுந்திருப்பின், அவர் கூறியது யாதென ஒருமுறை பொறுமையுடன் கேட்க முடிவு செய்து அங்கிருந்து திரும்புவோமாயின், வாமன முனிவருக்கு நாம் செய்யும் வழிபாடு முழுமை பெறும்.

வாழ்க ஜினவாணி! வளர்க அறம்!